வெட்டிய தசை எங்கே ஒட்டியது? முதல் மாறுகண் அறுவை சிகிச்சை பற்றிய நிகழ்வு ஆய்வு

1839ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் தேதி, பெர்லினில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது. அவனுக்கு மாறுகண், கண் மூக்குப் பக்கமாகத் திரும்பியிருந்தது. கத்தியை எடுத்தவர் யோஹான் ஃபிரீட்ரிஷ் டீஃபென்பாக். ஈதர் கொடுத்து நோயாளியை மயக்கலாம் என்று உலகம் அறிந்தது 1846இல்தான். கண்ணை மரத்துப்போகச் செய்யும் கோகெய்ன் சொட்டு மருந்து 1884இல் வந்தது. ஆகவே அந்தப் பிள்ளை முழு நினைவோடு அந்த வேதனையைத் தாங்கினான். கண்ணை உள்நோக்கி இழுக்கும் தசை வெட்டப்பட்டது. கண் நேரானது. சில வாரங்களுக்குள் டீஃபென்பாக் இதை மருத்துவ இதழில் அறிவித்தார்.

தாம் 1818லேயே இதைச் செய்து பார்த்துக் கைவிட்டதாக அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் கிப்சன் பிற்காலத்தில் கூறினார். ஆனால் உரிய காலத்தில் அவர் அதை வெளியிடவில்லை. எனவே மாறுகண் அறுவை சிகிச்சையின் வரலாறு பெர்லின் சிறுவனிடமிருந்தே தொடங்குகிறது. இன்று ஒரு குழந்தையின் மாறுகண்ணை நேராக்க அறுவை அரங்கில் செய்யப்படும் ஒவ்வொரு அசைவுக்கும் காரணம், அன்று விடப்பட்ட ஏதோ ஒரு கேள்வியில் இருக்கிறது. அந்தக் கேள்விகள் இரண்டு: வெட்டிய தசை எங்கே போய் ஒட்டும்? கண் முதலில் ஏன் திரும்பியது?

அறுவைக்கு முன்பிருந்த நிலை

ஒவ்வொரு கண்ணிலும் விழியை அசைக்க ஆறு தசைகள் உண்டு. நான்கு நேர்த்தசைகள், இரண்டு சாய்தசைகள். பக்கவாட்டு அசைவைப் பார்த்துக்கொள்பவை இரண்டு: மூக்குப் பக்கம் இழுக்கும் உள்நேர்த்தசை, காதுப் பக்கம் இழுக்கும் வெளிநேர்த்தசை. வண்டி மாட்டின் இருபுறக் கயிறுகளைப் போல, ஒன்று இறுகும்போது மற்றது தளர வேண்டும். இரு கண்களின் இந்தக் கயிறுகளும் ஒரே சமயத்தில், ஒரே அளவில், மூளையின் கட்டளைக்கு இணங்க வேண்டும். இந்த இணக்கம் குலைந்தால் ஒரு கண் ஒரு பொருளைப் பார்க்க, இன்னொன்று வேறெங்கோ பார்க்கும்.

மருத்துவர்கள் இதை நெடுங்காலமாகக் கத்தியின்றியே திருத்தப் பார்த்தார்கள். ஏழாம் நூற்றாண்டில் ஏஜினாத் தீவைச் சேர்ந்த பால் என்ற கிரேக்க மருத்துவர், துளைகள் இட்ட முகமூடியைக் குழந்தைக்கு மாட்டச் சொன்னார். துளை வழியே மட்டும் பார்க்கப் பழகினால் கண் நேராகும் என்பது எதிர்பார்ப்பு. பிரெஞ்சு இயற்கையியலாளர் புஃபோன் 1743இல் இன்னும் ஆழமாக யோசித்தார். மாறுகண் உள்ளவரின் திரும்பிய கண்ணில் பார்வை குறைந்திருப்பதைக் கவனித்து, நல்ல கண்ணை மூடிவைத்து மற்றதை உழைக்கவிடலாம் என்றார். இன்றைய கண்மூடிச் சிகிச்சையின் வேர் அதுதான்.

அதே நூற்றாண்டில் ஊர் ஊராகத் திரிந்த ஜான் டெய்லர் என்ற ஆங்கிலேயக் கண் வைத்தியரும் மாறுகண்ணைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்துகொண்டார். அவர் வெண்விழி மேலுள்ள சவ்வைச் சிறிது நறுக்குவார். உடனே நல்ல கண்ணைக் கட்டிவிடுவார். நல்ல கண் மூடப்பட்டதும் மாறுகண் நேராக நிமிர்ந்து பார்க்கும், கூட்டம் வியக்கும். கட்டை அவிழ்ப்பதற்குள் டெய்லர் அடுத்த ஊருக்குப் போயிருப்பார். ஏமாற்று வேலைதான். ஆனாலும் அதில் ஒளிந்திருந்த உண்மையை யாரும் நின்று கவனிக்கவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். நல்ல கண்ணை மூடியதும் மாறுகண் தானே நேராகிறது என்றால், பெரும்பாலான குழந்தைகளில் அந்தக் கண்ணின் தசை சுருங்கிப் போகவும் இல்லை, செயலிழக்கவும் இல்லை. கோளாறு இரு கண்களையும் ஒன்றாக நடத்தும் இடத்தில் இருக்கிறது.

டீஃபென்பாக் வேறு திசையிலிருந்து வந்தவர். 1792இல் கோனிக்ஸ்பெர்கில் பிறந்தவர். இழந்த மூக்கை நெற்றித் தோலிலிருந்து மீட்டெடுக்கும் இந்திய முறையைக் கற்று அதை வளர்த்த ஒட்டறுவை நிபுணர். அவர் காலத்தில் ஹனோவரின் லூயிஸ் ஸ்ட்ரோமையர், கோணிய பாதத்தைக் குதிகால் நாணை வெட்டித் திருத்திப் புகழ்பெற்றிருந்தார். அதே தர்க்கத்தைக் கண்ணுக்கும் நீட்டியவர் ஸ்ட்ரோமையரே: பிணங்களில் செய்து பார்த்துவிட்டு, மாறுகண்ணிலும் இழுக்கும் தசையை வெட்டலாம் என்று 1838இல் எழுதினார். மறு ஆண்டில் உயிருள்ள கண்ணில் செய்தவர் டீஃபென்பாக். கோணிய பாதத்தில் நாண் உண்மையிலேயே குறுகியிருக்கிறது. மாறுகண்ணிலும் அப்படித்தான் என்பது பரிசோதிக்கப்படாத அனுமானம்.

அன்று செய்ததும் அதன்பின் நடந்ததும்

செய்முறை எளிமையானது. இமைகளைக் கொக்கிகளால் விரித்துப் பிடிப்பது, மூக்குப் பக்கத்தில் சவ்வைக் கொக்கியால் தூக்கி நறுக்குவது, திறப்பின் வழியே உள்நேர்த்தசையை வெளிக்கொணர்ந்து கத்தரியால் குறுக்கே வெட்டிவிடுவது. அவ்வளவே. தையல் இல்லை. வெட்டிய தசையின் பின்முனை கண்குழிக்குள் எவ்வளவு தூரம் சுருங்கிப் போயிற்று என்பதைப் பார்க்க வழியும் இல்லை.

செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. மூன்றே நாளில், அக்டோபர் 29 அன்று, பிரஸ்ஸல்ஸில் ஃப்ளோரான் குனியே இதே அறுவையைச் செய்தார். அடுத்த ஆண்டுக்குள் லண்டன், பாரிஸ் எங்கும் மாறுகண்கள் வெட்டப்பட்டன. 1842இல் டீஃபென்பாக் தம் நூலை வெளியிட்டபோது அவர் கணக்கில் சுமார் 1200 அறுவைகள் இருந்தன. மயக்க மருந்து இல்லாத காலத்தில் மூன்று ஆண்டுகளுக்குள் இத்தனை பேர் முன்வந்தார்கள் என்றால், கோணிய பார்வையோடு மனிதர் முகத்தை நேர்கொள்ளுவது எத்தனை பெரிய துயரமாக இருந்திருக்க வேண்டும்! இதை வெறும் அழகுக்கான சிகிச்சை என்று ஒதுக்குகிறவர்கள் அந்த எண்ணிக்கையைச் சற்றே நினைத்துப் பார்க்கலாம்.

பின்னர் கசப்பு வந்தது. உள்நோக்கித் திரும்பியிருந்த கண்கள் மாதங்களிலும் ஆண்டுகளிலும் வெளிநோக்கி ஓடத் தொடங்கின. பலருக்குக் கண்ணை மூக்குப் பக்கம் கொண்டுவரவே முடியவில்லை. கண் சற்றே பிதுங்கியது. மூக்கோரத்துச் சதைமுடிச்சு உள்வாங்கிக் குழிந்தது. சிலர் முகத்தில் இது முந்தைய மாறுகண்ணைவிட மோசமாகத் தெரிந்தது. அறுவை அவப்பெயர் எடுத்தது.

டீஃபென்பாக்கின் சிந்தனைப்போக்கைக் காட்ட ஒரு பக்கச் செய்தி போதும். 1841இல் அவர் திக்குவாயைக் குணப்படுத்த நாக்கின் தசைகளை வெட்டினார். தசை இழுத்துப் பிடிக்கிறது, எனவே வெட்டினால் விடும் என்ற அதே தர்க்கம். அந்த அறுவை அடியோடு மறைந்துவிட்டது, மறையவேண்டியதுதான். மாறுகண் அறுவை மட்டும் ஏன் பிழைத்தது? பின்னால் வந்தவர்கள் அதன் தோல்வியை உட்கார்ந்து ஆராய்ந்தார்கள் என்பதால்தான்.

தோல்வியின் உடற்கூறு

உள்நேர்த்தசை கருவிழியின் விளிம்பிலிருந்து சுமார் 5.5 மில்லிமீட்டர் பின்னால் விழியோடு இணைகிறது. மற்ற மூன்று நேர்த்தசைகளும் ஏதோ ஒரு சாய்தசையோடு உறைத்திசுக்களால் பிணைக்கப்பட்டிருக்கின்றன. வெளிநேர்த்தசையும் கீழ்நேர்த்தசையும் கீழ்ச்சாய்தசையை ஒட்டியும், மேல்நேர்த்தசை மேல்சாய்தசையை ஒட்டியும் செல்கின்றன. வெட்டுப்பட்டாலும் அந்தப் பிணைப்பு அவற்றைப் பெரும்பாலும் தடுத்து நிறுத்தும். உள்நேர்த்தசைக்கு மட்டும் அப்படி ஒரு துணை கிடையாது. விடுபட்டால் அது கண்குழியின் ஆழத்துக்குப் போய்விடும். கண் அறுவை மருத்துவர்கள் இன்றும் மிக அஞ்சும் விபத்து, அறுவையின் நடுவில் இந்தத் தசை கைநழுவி மறைவதுதான். டீஃபென்பாக் முதன்முதலில் வெட்டியது, பிடித்துவைக்க ஆளில்லாத அந்த ஒரே தசையை. அதுவும் விழியோடு சேரும் முனையில் கவனமாக விடுவிக்காமல், சுற்றியிருந்த உறையையும் சேர்த்து. உள்ளே இழுக்கும் விசை இல்லாமல் போனால், எதிரே உள்ள வெளிநேர்த்தசை தடையின்றி இழுக்கும். அந்தச் சிறுவனின் தலைமுறையைச் சேர்ந்த பலரின் கண்கள் வெளியே ஓடியதற்குக் காரணம் இதுதான்.

இதைத் திருத்தியவர்களில் முதன்மையானவர் அதே பெர்லினைச் சேர்ந்த ஆல்பிரெக்ட் ஃபொன் கிரேஃப. 1840இல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் டீஃபென்பாக் ஏற்ற அறுவை மருத்துவப் பொறுப்பு, அதற்கு முன் ஆல்பிரெக்டின் தந்தை கார்ல் வகித்தது. 1850களில் மகன் கிரேஃப, தசையின் சதையைத் தொடாமல், விழியோடு ஒட்டும் நாணை மட்டும் அதன் முனையில் விடுவித்தார். சுற்றியுள்ள உறையின் பிடிப்பை விட்டுவைத்தார். தசை சிறிது பின்வாங்கி, விழியின் மேலேயே புதிய இடத்தில் ஒட்டிக்கொண்டது. வெட்டின் நீளத்தையும் உறை எவ்வளவு திறக்கப்படுகிறது என்பதையும் கொண்டு விளைவைக் கூட்டவும் குறைக்கவும் அவரால் முடிந்தது. அதற்கிடையே, பாரிஸில் ஜூல் கேரன், வெளியே ஓடிய கண்களில் பின்வாங்கிய தசையைத் தேடியெடுத்து முன்னே கொண்டுவரும் அறுவையைத் தொடங்கியிருந்தார். முதல் அறுவையின் காயத்தை ஆற்ற இரண்டாம் அறுவை பிறந்தது.

ஆனாலும் தசை எங்கே ஒட்டும் என்பது ஊகமாகவே இருந்தது. அந்த ஊகத்தை முடிவுக்குக் கொண்டுவந்தவர் நியூயார்க்கின் புரூக்ளினில் பணியாற்றிய ஜேம்சன். 1922இல் அவர் வெளியிட்ட முறையில், தசையை விடுவித்ததும், அளவுகோலால் அளந்து குறித்த இடத்தில் விழியின் வெண்சுவரிலேயே தைத்துவிட்டார். கேட்க எத்தனை எளிது! ஆனால் பெர்லின் அறுவைக்கும் இந்தத் தையலுக்கும் இடையில் எண்பத்து மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன. விழிச்சுவர், நேர்த்தசைகள் ஒட்டும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் சுமார் 0.3 மில்லிமீட்டர்தான் தடிமன். அதில் ஊசியைச் செலுத்தினால் விழியே துளைபடும் என்ற அச்சம் அந்தக் காலத்தில் நியாயமானது. மெல்லிய ஊசியும் நூலும் நல்ல உருப்பெருக்கியும் சேர்ந்தே அந்த அச்சத்தைப் போக்கின. இன்றும் அறுவை அரங்கில் மாணவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் தருணம் அது.

அதே சிறுவன் இன்று வந்தால்

முதல் நாளில் யாரும் கத்தியைப் பற்றிப் பேசக்கூடாது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், பெற்றோர் பலர் இரண்டு முனைகளில் நிற்கிறார்கள். ஒரு சாரார் மாறுகண் அதிர்ஷ்டம் என்று சொல்லி, அல்லது வளர வளரச் சரியாகிவிடும் என்று நம்பி, பிள்ளையைப் பள்ளி வயதுவரை அழைத்து வருவதில்லை. மறு சாரார் வந்த அன்றே அறுவைக்குத் தேதி கேட்கிறார்கள். பிறந்து மூன்று நான்கு மாதங்கள்வரை கண்கள் அவ்வப்போது விலகுவது இயல்பு. மூக்குத்தண்டு அகன்றிருப்பதால் மாறுகண் போலத் தோன்றுவதும் உண்டு. அதற்குப் பிறகும் கண் விலகினால், ஒவ்வொரு மாதத் தாமதமும் குழந்தையின் பார்வைக்கு இழப்பு.

முதலில் இரு கண்களின் பார்வையும் தனித்தனியே அளக்கப்படும். பிறகு கண்மணியை விரித்து விழித்திரை பார்க்கப்படும். இதைத் தவிர்க்கவே கூடாது. குழந்தைகளின் விழித்திரைப் புற்றுநோய் சில சமயம் மாறுகண்ணாகவே முதலில் தலைகாட்டும். கண்மணியில் வெண்மை தெரிவதற்கு அடுத்தபடியாக அதன் முக்கிய அறிகுறி இதுவே. விழித்திரையைக் காட்டும் கருவியை ஹெல்ம்ஹோல்ட்ஸ் உருவாக்கியதே 1850 வாக்கில்தான். டீஃபென்பாக் வெட்டிய கண்ணுக்குள் என்ன இருந்தது என்பதை அவரால் அறிந்திருக்கவே முடியாது.

அடுத்து அட்ரோபின் போன்ற மருந்திட்டு, கண்ணின் குவிக்கும் முயற்சியை நிறுத்திவிட்டு, கண்ணாடியின் பவர் கணக்கிடப்படும். 1864இல் நெதர்லாந்தின் ஃபிரான்ஸ் டோன்டர்ஸ் விளக்கிய காரணம் இங்கேதான் வருகிறது. சில குழந்தைகளின் கண்ணில் பிளஸ் பவர் அதிகம். தெளிவாகப் பார்க்க அவர்கள் லென்ஸை இடைவிடாது குவிக்க வேண்டும். குவித்தலும் கண்கள் உள்நோக்கித் திரும்புதலும் மூளையில் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. ஆகவே குவிக்கக் குவிக்கக் கண் மூக்குப் பக்கம் ஓடும். இப்படிப்பட்ட குழந்தைக்குச் சரியான கண்ணாடி போட்டால் சில வாரங்களில் கண் நேராகிவிடும், கத்தியே வேண்டாம். பெர்லின் சிறுவன் இந்த வகையைச் சேர்ந்தவனாக இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அப்படியானால், ஒரு ஜோடி கண்ணாடியால் தீர்ந்திருக்கக்கூடிய கோளாறுக்காக அவன் தசை வெட்டப்பட்டது.

கண்ணாடி போட்டும் பார்வை ஏறாத கண்ணுக்குக் கண்மூடிச் சிகிச்சை. நல்ல கண்ணை ஒட்டுத்துணியால் மூடி, சோம்பேறிக் கண்ணை வேலை செய்யவைப்பது. நடுத்தர அளவு பார்வைக்குறைவுக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் மூடினாலே ஆறு மணி நேரம் மூடியதற்கு ஒப்பான பலன் கிடைக்கிறது என்பதை 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. பள்ளியில் கேலிக்குப் பயந்து துணியைக் கிழித்தெறியும் குழந்தைகளின் பெற்றோருக்கு இது எத்தனை பெரிய நிம்மதி. ஏழு வயது சற்றே தாமதம்தான், ஆனால் கதவு மூடிவிடவில்லை.

இவை எல்லாம் செய்தபின் மிஞ்சும் கோணலுக்கே அறுவை. அதையும் அளக்க வேண்டும். டார்ச் ஒளியைக் காட்டி, கருவிழியில் அதன் பிரதிபலிப்பு நடுவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்க்கும் முறை, கிரேஃபவிடம் உதவியாளராக இருந்த யூலியஸ் ஹிர்ஷ்பெர்க் தந்தது: ஒரு மில்லிமீட்டர் விலகினால் ஏறத்தாழ ஏழு பாகைக் கோணல். அதைவிட நுட்பமானது, ஒளியை வளைக்கும் ஆப்பு வடிவக் கண்ணாடியான பிரிசம் கொண்டு, ஒரு கண்ணை மாற்றி மாற்றி மூடி அளப்பது. ஒரு மீட்டர் தூரத்தில் ஒளிக்கதிரை ஒரு சென்டிமீட்டர் நகர்த்துவது ஒரு பிரிசம் டயாப்டர். அண்மையிலும் தொலைவிலும், கண்ணாடியோடும் இல்லாமலும், வேறு வேறு நாட்களிலும் அளக்கிறார்கள். அளவு நிலைக்காமல் அறுவைக்குப் போவதில்லை.

இன்றைய அறுவை

பொதுமயக்கம் கொடுத்தபின், இமைக்கடியில் மறையும் மடிப்பில் சவ்வைச் சிறிது திறக்கிறார்கள். மார்ஷல் பார்க்ஸ் 1960களில் பரப்பிய இந்த வெட்டு, ஆறியபின் வெளியே தெரியாது. உள்நேர்த்தசை கொக்கியில் ஏந்தப்படுகிறது. அதை விடுவிப்பதற்கு முன்பே, நாண் முனையின் இரு ஓரங்களிலும் கரையும் நூல் முடிச்சிட்டுப் பூட்டப்படுகிறது. தசை ஒரு கணம்கூடக் கட்டற்று இருப்பதில்லை. என் பார்வையில், பெர்லின் அறுவைக்கு மருத்துவம் கொடுத்த மிகச் சரியான பதில் இந்த வரிசைமாற்றமே: வெட்டிவிட்டுக் காத்திருந்தது அன்று, கட்டிவிட்டு வெட்டுவது இன்று.

பிறகு அளவு. கோணல் 30 பிரிசம் டயாப்டர் என்றால் இரு கண்களிலும் உள்நேர்த்தசையை வழக்கமாக 4.5 மில்லிமீட்டர் பின்னகர்த்துவார்கள். 50 என்றால் 6 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தில் பல டயாப்டர்கள் மாறும். ஒரே கண்ணில் மட்டும் செய்வதானால், உள்நேர்த்தசையைப் பின்னகர்த்தி, எதிரே உள்ள வெளிநேர்த்தசையில் ஒரு துண்டை நீக்கி இறுக்கித் தைப்பது வழக்கம். ஒரே அமர்வில் ஒரு கண்ணில் இரண்டுக்கு மேற்பட்ட நேர்த்தசைகளைத் தொடத் தயங்குவார்கள். கண்ணின் முன்பகுதிக்குச் செல்லும் நுண்ணிய தமனிகள் இந்தத் தசைகளின் வழியேதான் போகின்றன. அவை அறுந்தால் முன்பகுதிக்கு இரத்தம் குறையும்.

மயக்க மருத்துவரின் கண் இதயத் துடிப்பின் மீது இருக்கும். தசையை இழுக்கும்போது, குறிப்பாக உள்நேர்த்தசையை இழுக்கும்போது, இதயம் திடீரென மெதுவாகத் துடிக்கலாம். 1908இல் அஷ்னரும் தக்னினியும் தனித்தனியே விவரித்த அனிச்சைச் செயல் இது. துடிப்பு விழுந்தால் அறுவை மருத்துவர் இழுப்பைத் தளர்த்துவார். தேவைப்பட்டால் ஊசி மருந்து தரப்படும். மயக்கமின்றி அமர்ந்திருந்த ஏழு வயதுச் சிறுவனின் இதயம் அன்று எப்படித் துடித்தது என்பதைப் பார்க்க யாரும் இல்லை.

பெரியவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. சான் பிரான்சிஸ்கோவின் ஆர்தர் ஜம்போல்ஸ்கி 1970களில் பரப்பிய முறையில், தையலைச் சுருக்குமுடிச்சாக விட்டுவைத்து, நோயாளி விழித்தெழுந்து பார்வையைச் சொன்னபின், சில மணி நேரத்திலோ மறுநாளோ, தசையை முன்னோ பின்னோ நகர்த்தி இறுதி முடிச்சைப் போடுகிறார்கள். அதே நகரின் ஆலன் ஸ்காட், வெட்டாமலே தசையைத் தளர்த்த வழி தேடி, போட்டுலினம் நச்சை மிகச் சிறிய அளவில் தசைக்குள் செலுத்திப் பார்த்து 1980 வாக்கில் முடிவுகளை வெளியிட்டார். 1989இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதை ஏற்றது. முகச்சுருக்கம் போக்க இன்று உலகெங்கும் போடப்படும் அந்த ஊசி, மாறுகண்ணுக்காகப் பிறந்தது. நரம்பு முடங்கித் தசையே இயங்காதபோது பக்கத்துத் தசைகளை இடம்மாற்றித் தைத்து இழுவையைத் தரும் அறுவைகளும் உண்டு. அவை தனிக் கட்டுரைக்கு உரியவை.

கண் நேரானபின்

கண் நேராக நிற்பது தையலின் வலிமையால் மட்டுமில்லை. இரு கண்களின் படங்களையும் மூளை ஒன்றாக்கினால், அந்த ஒருமையே கண்களைப் பூட்டிவைக்கும். ஒன்றாக்கும் திறன் வளராத மூளையில் நேராக்கப்பட்ட கண் மீண்டும் நழுவ வாய்ப்பு அதிகம். 1960களில் மூளை ஆய்வாளர்கள் டேவிட் ஹியூபெலும் டோர்ஸ்டன் வீசலும் இதைப் பூனைக்குட்டிகளில் கண்டார்கள். அவர்கள் செய்தது என்ன தெரியுமா? நல்ல கண்ணுள்ள குட்டியின் உள்நேர்த்தசையை வெட்டினார்கள். டீஃபென்பாக் வெட்டிய அதே தசை. கண் வெளியே திரும்பியது. குட்டி வளர்ந்தபின் அதன் மூளையில், இரு கண்களுக்கும் சேர்ந்து பதிலளிக்கும் நரம்பணுக்கள் பெரும்பாலும் காணாமற்போயிருந்தன. தசையில் போட்ட ஒரு வெட்டு மூளையின் அமைப்பையே மாற்றியது. 1981இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பிறந்த சில மாதங்களிலேயே தோன்றும் மாறுகண்ணை இன்று பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் அறுவை செய்வதன் காரணம் இந்த அறிவில் இருக்கிறது.

அந்த முடிவுகளை, சிறுவயது கடந்தால் மூளை மாறாது என்ற கண்டிப்பான விதியாக்கிவிட்டதில் ஓர் அநீதியும் நடந்தது. அமெரிக்க நரம்பியல் பேராசிரியர் சூசன் பாரிக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே மாறுகண். 2, 3, 7 வயதுகளில் மூன்று அறுவைகள். கண்கள் பார்வைக்கு நேராயின. ஆனால் அவர் உலகைத் தட்டையாகவே பார்க்கிறார் என்பது கல்லூரி வகுப்பில்தான் அவருக்கே தெரியவந்தது. இனி முடியாது என்பதே அன்றைய பாடம். 48 வயதில் கண் பயிற்சிச் சிகிச்சையைத் தொடங்கினார். காரின் ஸ்டியரிங் ஒருநாள் முன்னே மிதந்து வந்து நின்றது. ஆழப் பார்வை பிறந்துவிட்டது. எல்லோருக்கும் இது வாய்க்கும் என்று சொல்லமாட்டேன். ஆயினும், வயது கடந்துவிட்டது என்ற ஒரே காரணத்தால் யாரையும் பரிசோதிக்காமல் திருப்பியனுப்புவது தவறு. பெரியவர்களுக்குச் செய்யும் அறுவையில் எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பேசும் துணிவு திரும்புகிறது. உள்நோக்கிய கண் நேரானால் பக்கப்பார்வையின் பரப்பும் விரிகிறது. இரட்டையாகத் தெரியும் ஆபத்து உண்டா என்பதை அறுவைக்கு முன்பே பிரிசம் வைத்துச் சோதிக்க முடியும். திடீரென்று தோன்றும் இரட்டைப் பார்வை மட்டும் வேறு கதை. நீரிழிவு முதல் மூளைக்குள் அழுத்தம்வரை காரணம் இருக்கலாம், அன்றே மருத்துவரிடம் போகவேண்டும்.

பெர்லினில் தொடங்கிய பிரச்சினையின் மிச்சம் இன்றும் மருத்துவமனைகளுக்கு வந்துகொண்டிருக்கிறது. சிறுவயதில் உள்நோக்கிய கண்ணுக்கு அறுவை செய்துகொண்டவர்கள் சிலர், இருபது முப்பது ஆண்டுகள் கழித்து, கண் இப்போது வெளியே ஓடுகிறது என்று வருகிறார்கள். பழைய குறிப்புகள் பெரும்பாலும் கிடைப்பதில்லை. சவ்வைத் திறந்து பார்த்தால், தசை தைத்த இடத்தில் நிற்காமல் பின்னே போயிருக்கும். விழிக்கும் தசைக்கும் நடுவே நீண்டு மெலிந்த வடுத்திசு மட்டும் இருக்கும். அந்த வடுவைத் தசை என்று எண்ணி முன்னே தைத்தால் அறுவை மீண்டும் தோற்கும். வடுவை நீக்கி, உண்மையான தசைநார் தெரியும்வரை தேடி, அதை முன்னே கொண்டுவந்து விழிச்சுவரில் தைக்க வேண்டும். இந்த ஒரு சூழலில், கரையும் நூலை விட்டுவிட்டுக் கரையாத நூலைத் தேர்ந்தெடுக்கும் மருத்துவர்கள் பலர்.